வேலிக்கு மேலால் கொடுத்த இஞ்சி

மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்ட வயிற்றுக்குள் இஞ்சியும் போனால் உண்மையில் என்னதான் நடக்கும்?

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் கேட்டுப் பார்த்தவர்களிடமும் இல்லை. கூடாது என்று சொல்ல எல்லாருக்கும் தெரிகிறது. ஏன் கூடாது என்று கேட்டால் யாரோ ஒருவர் அப்படிச் சாப்பிட்டுச் செத்துப்போனார் என்பார்கள். எந்த ஊர் என்றால் அது எப்போதும் பக்கத்து ஊராகவே இருக்கும். தோப்பூர்க்காரர் ஈச்சிலம்பற்றைச் சொல்கிறார். ஈச்சிலம்பற்றுக்காரர் தோப்பூரைச் சொல்கிறார்.

நாங்கள் லிங்கநகரில் இருக்கிறோம். எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அந்தப் பக்கம் ராத்தா. கிண்ணியாவில் பிறந்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். கணவருக்கு டவுனில் கடை. பிள்ளைகள் வளர்ந்து படிக்கப் போய்விட்டார்கள். ராத்தா என்றால் அக்கா. நான் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு என் மகளும் அப்படியே கூப்பிடுகிறாள். அவளுக்கு இன்னும் நாலு வயது ஆகவில்லை, ராத்தாவுக்கு என் அம்மாவின் வயது இருக்கும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிள்ளைக்காக எடுத்த நீண்ட லீவு முடிந்து, அடுத்த தவணை தொடங்கும்போது நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் மகளைப் பார்க்க ஆள் வேண்டும். ராத்தா தானாகவே, "நான் இரிக்கிறன் புள்ள, ஒனக்கென்ன பயம்?" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பல மாதப் பாரம் இறங்கியது. நான் எதற்கும் பயப்படுகிறவள். மகள் தும்மினால் ஜன்னலைச் சாத்துவேன், சாத்திய பிறகு காற்றுப் போதாதோ என்று திறப்பேன். அப்படிப்பட்ட நானே யோசிக்காமல் பிள்ளையை விடக்கூடிய ஒரே வீடு அது. அந்த ஏற்பாட்டைத்தான் நான் கெடுத்துக்கொண்டேன், அதுவும் கவனமாக இருக்கப் போய்.

கதை வேலியோரத்து மரவள்ளியில் தொடங்குகிறது. என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர் கொடுத்தார் என்று ஒரு கட்டு மரவள்ளித் தடி கொண்டுவந்து வேலியோரம் நட்டார். நட்டதோடு அவர் கடமை முடிந்தது. தண்ணீர் ஊற்றியது நான். பார்த்துப் பார்த்து வியந்ததும் நான்தான்.

அதே வேலியோரம் நான் சாடியில் தக்காளி வைத்திருந்தேன். தக்காளியைப் புழு தின்றது, கத்தரியைப் புழு தின்றது, கறிவேப்பிலையின் கொழுந்தைப் பச்சைப் புழுக்கள் வரிசையாக இருந்து தின்றன. மரவள்ளி மட்டும் கம்பீரமாக நின்றது. ஒருநாள் படலை திறந்திருக்க ஒரு ஆடு உள்ளே வந்து தக்காளியை அடியோடு முடித்துவிட்டு, மரவள்ளியில் நாலு இலையைக் கடித்துப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

மகள் கேட்டாள். "அம்மா, ஆடு ஏன் அதை முடிக்கேல்ல?"

விஞ்ஞான ஆசிரியைக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? நான் அவளை மடியில் வைத்து விளக்கினேன். செடிக்கு ஓட ஏலாது, கையால் அடிக்கவும் ஏலாது. அதனால் அது இலைக்குள்ளே இரண்டு சாமானை இரண்டு அறைகளில் பூட்டி வைத்திருக்கிறது. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. யாராவது கடித்தால் நடுச்சுவர் உடையும். இரண்டும் கலந்தால் நஞ்சு வரும். கடித்தவருக்கு வாய் கசக்கும், கூடக் கடித்தால் வயிறு கெடும்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மரம் கோவிக்குது."

"ஓம், அப்படித்தான்."

"ஆருக்குச் சொல்லிக் குடுக்கும்?"

இதற்கும் பதில் இருந்தது. சில செடிகள் கடிபட்டவுடன் ஒரு வாசத்தை விடும், அந்த வாசத்துக்குக் குளவிகள் வந்து புழுவைப் பிடிக்கும் என்றேன். அன்று முழுவதும் அவள் கறிவேப்பிலையிடம் போய், "குளவியைக் கூப்பிடு, குளவியைக் கூப்பிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குளவி வந்தால் இவளையல்லவா கொட்டும் என்று நான் பின்னால் நின்று பயந்தேன்.

பிறகு மரவள்ளிக்கும் ஒரு எதிரி வந்தது. இலைக்குக் கீழே வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி. அது இலையைக் கடிப்பதில்லை. ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. சுவர் அவ்வளவாக உடைவதில்லை, நஞ்சும் பெரிதாகக் கலப்பதில்லை. இளநீரைக் குழாய் போட்டுக் குடிக்கிற மாதிரி. இதைக் கணவரிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் கேட்டார், "அப்ப நாங்கள் கிழங்கை எப்பிடிச் சாப்பிடுறது? குழாய் போட்டோ?"

கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று வந்தால் காயப்போட்ட உடுப்பு கையெடுக்க முதல் காய்ந்துவிடும். மனிதர் உதடும் அப்படியே. மத்தியானத்தில் மரவள்ளி தன் இலைகளைக் குடை மடக்குவது போலக் கீழே தொங்கவிட்டது. இலையில் இருக்கும் நுண்ணிய வாய்களை மூடிக்கொண்டு தண்ணீரைச் சேமிக்கிறது என்று எனக்குத் தெரியும். பிறகு கீழ் இலைகளை ஒவ்வொன்றாகக் கொட்டியது. உள்ளதை வைத்துச் சீவிக்கத் தெரிந்த மரம் என்று மெச்சினேன். மெச்சியதோடு நின்றிருக்கலாம். பழைய பாடக்குறிப்பு ஒன்று ஞாபகம் வந்து தொலைத்தது. வரட்சியில் மரவள்ளிக்குள் அந்த நஞ்சுச் சரக்கு கூடும்.

அந்த வாரம்தான் என் கணவருக்குக் கிழங்கு ஆசை வந்தது. காலையில் ஒரு மரத்தை ஆட்டி இழுத்து, மண்ணோடு கிழங்கைக் குசினி வாசலில் போட்டார்.

"இப்ப வேண்டாமப்பா. மழை பெய்யட்டும்" என்றேன்.

"ஏன்?"

"காஞ்ச காலத்தில சயனைட் கூட."

"உமக்குப் படிப்பிச்சவையில பிழை. ஊரெல்லாம் சாப்பிடுது."

ஊரெல்லாம் சாப்பிடுகிறது என்பது உண்மைதான். நான் படித்ததும் உண்மைதான். இரண்டு உண்மைக்கும் நடுவில் நின்று, கடைசியில் அவித்துக் கொடுப்பதும் கடமை, நஞ்செடுப்பதும் கடமை என்று முடிவு செய்தேன். தோலை ஆழமாகச் சீவினேன். சின்னத் துண்டாக வெட்டி ஊறப்போட்டேன். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மூடாத பானையில் அவித்தேன். கொதித்த தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் திரும்ப அவித்தேன். ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். கசக்கவில்லை. கசக்கவில்லை என்று என் நாக்கு சொல்வதை நம்பலாமா என்று யோசித்து இன்னொருமுறை அவித்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிழங்கு அவிக்கிறீரா, உடுப்புத் தோய்க்கிறீரா?" என்றார்.

இத்தனைக்கும் நடுவில்தான் இஞ்சி என் கண்ணில் பட்டது. வெங்காயக் கூடையில் ஒரு துண்டு. நான் வளர்ந்த வீட்டில் கிழங்கு அவிக்கிற நாளில் இஞ்சி குசினிக்குள் இருக்காது. அம்மா எடுத்துப்போய் முன்னறை அலுமாரிக்குள் வைத்துவிடுவா. மறதியாகக் கறிக்குள் போய்விடும் என்ற பயம். நான் படித்தவள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டாலும் இஞ்சியைப் பார்த்தபடி கிழங்கு அவிக்க மனம் கேட்கவில்லை. எங்கள் அலுமாரிக் கதவைத் திறக்க மகளுக்குத் தெரியும். ஆகவே வீட்டிலேயே வேண்டாம் என்று, இஞ்சியை ஒரு சின்னப் பையில் போட்டு வேலிக்கு மேலால் நீட்டினேன்.

"ராத்தா, இதை வச்சுக்கொள்ளுங்கோ."

ராத்தா இருமிக்கொண்டே வந்து வாங்கினார். "சந்தோசம் புள்ள" என்றார்.

ஏன் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. விஞ்ஞான ரீச்சர் கிழங்குக்குப் பயந்து இஞ்சியை வீட்டைவிட்டு அனுப்புகிறாள் என்று ராத்தா சிரிப்பாரே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு நிமிடம் விடை கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கிழங்கு நன்றாகத்தான் இருந்தது. துருவிய தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்துச் சாப்பிட்டோம். மகளுக்குச் சம்பல் இல்லாமல், சீனி தொட்டு. ஒரு துண்டு போதும் என்று நினைத்தேன், இன்னொன்று கேட்டாள், கொடுத்தேன். பசித்த பிள்ளைக்கு இல்லை என்பதும் பிழைதானே. கணவர் வேலைக்குப் போனார். மகள் ராத்தாவிடம் போனாள். நான் பானையை ஒருமுறைக்கு இருமுறை கழுவிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிப்பிடித்தாள். முத்தம் கொடுக்கக் குனிந்தேன். வாயில் இஞ்சி மணத்தது.

"என்னம்மா குடிச்சனீங்கள்?"

"ராத்தா தேத்தண்ணி தந்தவ. உறைச்சுது. பிறகு இனிச்சுது."

வேலிக்கு ஓடினேன். "ராத்தா! ராத்தா! பிள்ளைக்கு இஞ்சி குடுத்தனீங்களோ?"

ராத்தா கையில் கோப்பையோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஓம் புள்ள. நான் இருமுறதக் கேட்டு நீ இஞ்சி தந்திட்டாய். இந்தக் காலத்தில ஆரு அப்பிடிப் பாக்கிற? அதுல தேத்தண்ணி ஊத்தி, சின்னாளுக்கும் ஒரு மொடக்கு குடுத்தன். நல்லா சீனி போட்டுத்தான்."

"ராத்தா, நாங்கள் காலமை மரவள்ளி திண்டனாங்கள்."

அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கோப்பை அவர் கையிலேயே சரிந்து, தேத்தண்ணி சீலையில் கொட்டியது. "யா அல்லாஹ்! கெழங்கு திண்ட புள்ளையையா எனக்கிட்ட அனுப்பின? ஒரு சொல்லுச் சொல்லப்படாதா? கெழங்க நீ வச்சிக்கிட்டு இஞ்சிய எனக்கிட்டத் தந்திரிக்கியே!"

கணவருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நானும் இப்பதான் கன்ரீனில இஞ்சித் தேத்தண்ணி குடிச்சனான்" என்றார் நிதானமாக. "கிழங்கும் நான்தான் கூடத் திண்டனான்."

"ஐயோ! இப்ப உங்களுக்கு என்ன செய்யுது?"

"நித்திரை வருது."

"தலை சுத்துதோ?"

"வயிறு நிறைஞ்சா எனக்கு நித்திரை வாறதுதானே. நீர் பதறாதையும்."

பதறாதே என்று சொன்னால் பதறாமல் இருக்கிற ஆளை அவர் கல்யாணம் செய்யவில்லை. ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டோம். ராத்தா சீலை மாற்றக்கூட நிற்காமல் ஏறி, மகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக, "வயிறு நோகுதா? வயிறு நோகுதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தோம். எங்களைத் திருப்திப்படுத்த நினைத்தாளோ என்னவோ, கடைசியில் அவள் "ஓம், நோகுது" என்றாள்.

"எங்க நோகுது?"

மகள் முழங்காலைக் காட்டினாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர். மகளின் கண்ணையும் நாடியையும் பார்த்துவிட்டு, எப்படி அவித்தேன் என்று கேட்டார். நான் தோல் சீவியதிலிருந்து தொடங்கினேன். பானையைத் திறந்து வைத்தேன் என்றபோது தலையாட்டினார். மூன்றாம்தரம் அவித்தேன் என்றபோது பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப கிழங்கில என்ன மிஞ்சியிருக்கும்?" என்றார்.

"இஞ்சி, டொக்டர்?"

"சரியா அவியாத கிழங்குதான் பிரச்சினை. இஞ்சியைப் பற்றி எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியாது. எங்கட வீட்டிலயும் சேர்த்துச் சாப்பிட விடமாட்டினம்." சிரித்தார். "கொஞ்ச நேரம் இங்கயே இருங்கோ. சத்தியெடுக்கிறது, தலைச்சுத்து, நித்திரைத் தூக்கம் ஏதும் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்கோ."

நித்திரைத் தூக்கம் என்றதும் கணவரின் ஞாபகம் வந்து திரும்பப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. பிறகு, கை வேலையாக இருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பினார்.

டொக்டரின் அறைக்கு வெளியே ஒரு நீள வாங்கில் நாங்கள் இருந்த நேரம் முழுக்க ராத்தா மகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, ஓதிக்கொண்டிருந்தார். மகள் ஒரு தாதியின் தொப்பியைப் பற்றிக் கேட்டாள், பிஸ்கட் கேட்டாள், பிறகு வாங்குக்குக் கீழே போய் எறும்பு பார்த்தாள். கடைசியில் டொக்டர் திரும்ப வந்து பார்த்து, "ஆள் நல்லா இருக்கிறா, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். நான் அழுதேன். ராத்தா அழவில்லை. மகளை என் கையில் தந்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் தொடங்கியது. மகள் வழமைபோல அடுத்த வீட்டுக்குப் போகிறாள். ஆனால் உடனே திரும்பி வருகிறாள், வாயில் ஒரு கேள்வியோடு.

"அம்மா, ராத்தா பிஸ்கட் தரட்டோ எண்டு கேக்கிறா."

"தரச் சொல்லுங்கோ."

போவாள். திரும்பி வருவாள். "அம்மா, நீங்கள் இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

முதலில் சிரிப்பாக இருந்தது. தண்ணீருக்கும் உத்தரவு கேட்கத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. ஒருநாள் நானே போய் அவருடைய குசினிக் கதிரையில் இருந்தேன்.

"ராத்தா, பிழை என்ட. இஞ்சியை ஏன் தந்தனான் எண்டு சொல்லியிருக்க வேணும்."

"பிழ ஆற்றயா இரிந்தாலும் தேத்தண்ணி ஊத்தினது நான்தானே?" என்றார். மீனைக் கழுவியபடி, என் முகத்தைப் பார்க்காமல். "அண்டைக்கு ஆட்டோக்குள்ள இத ஒண்டத்தான் யோசிச்சன். ஒன்ட புள்ளைக்கு ஒண்டுன்னா நான் எந்த மொகத்தோட ஒன்னப் பாக்கிற? எனக்கு ஏலாது புள்ள. பள்ளிக்கூடம் தொடங்க முதல் வேற ஆளப் பாரு."

"உங்களைத் தவிர ஆரிட்ட விடுறது?"

"நல்ல ஆக்கள் இரிக்காங்க" என்றார். பிறகு, மனம் கேட்காமல், எனக்கு ஒரு துண்டு மீன் பொரித்துக் கொடுத்தார். எனக்குக் கொடுக்க அவருக்குப் பயமில்லை.

இப்போது மழை வந்துவிட்டது. மரவள்ளி முதல் தூறலுக்கே துளிர்க்கத் தொடங்கியது. சில செடிகள் ஒருமுறை கடிபட்டால் அதை ஒருவகையில் ஞாபகம் வைத்திருக்கும், அடுத்த கடிக்கு முன்னதைவிட வேகமாக எதிர்ப்புக் காட்டும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அந்த உசார் எப்போது தணியும் என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் தேடிப் படித்ததில்லை.

கணவரிடம் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, மரவள்ளி முழுவதையும் பிடுங்கி எறிவது. ஆனால் பிடுங்கினால், நான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன், தன்னையும் குறையாகத்தான் நினைக்கிறேன் என்று ராத்தா எடுத்துக்கொள்வாரோ? விட்டு வைத்தால் ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் அதைத்தானே பார்ப்பார்? மற்ற யோசனை, ராத்தாவின் முன்னால் நானே கிழங்கும் தின்று இஞ்சித் தேத்தண்ணியும் குடித்துக் காட்டுவது. "உமக்கு ஒண்டும் ஆகாட்டி ராத்தாவுக்குப் பயம் போகும். ஏதும் ஆனா வேற ஆள் தேட வேண்டியதில்லை, நீர் வீட்டிலதானே இருப்பீர்" என்கிறார்.

எனக்குப் பட்டது இன்னொன்று. நாள்தோறும் மகளுக்கு நான் கொடுத்ததை எல்லாம் காலையில் ராத்தாவிடம் சொல்லிவிட்டுப் போவது. ஆனால் அது நம்பிக்கையைக் கொண்டுவருமா, அல்லது ஒவ்வொரு நாளும் பயத்தைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதாகுமா? இப்படித்தான் நான் ஒன்றைச் செய்ய வெளிக்கிட்டால் மற்றது முன்னால் வந்து நிற்கும்.

வேறு ஆட்கள் இருக்கிறார்கள்தான். இரண்டொருவரைப் போய்ப் பார்த்தும் வந்தேன். நல்லவர்கள். என் மகள் அவர்கள் வீட்டு வாசலில் என் சீலையைப் பிடித்தபடி நின்றாள்.

தவணை தொடங்க அதிக நாள் இல்லை. வாசிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு அயலவரைப் பயப்படுத்திவிட்டு, பிறகு பழையபடி ஆக்கியிருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள்? மன்னிப்புக் கேட்டுப் பார்த்துவிட்டேன், அது போதவில்லை. மரத்தைப் பிடுங்கவா, விடவா? ராத்தாவை இன்னொருமுறை கேட்கவா, அவராகச் சொல்லும்வரை பொறுக்கவா? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். சின்ன யோசனையாக இருந்தாலும் பரவாயில்லை.